கேளுங்கள்: பாலுக்கும் கறிக்கும் அவாசி

கேள்வி: ஜோர்டான், சிரியா பக்கம் அவாசி செம்மறியைக் கறந்துகொண்டே குட்டியையும் கறிக்குத் தேற்றுகிறார்களே, எப்படி? கொழுத்த வால் இணைசேர இடைஞ்சல் இல்லையா?

பதில்: குட்டி ஈன்ற 2 மணி நேரத்துக்குள் கிலோ எடைக்கு 50 மில்லி வீதம் சீம்பால் குடித்தாக வேண்டும், 4 கிலோ குட்டிக்கு 200 மில்லி. இதில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. சில வாரம் குட்டிக்கே முழுப் பால். பிறகு இரவில் பிரித்துக் கட்டி, காலையில் கறந்துவிட்டுத் தாயோடு விடுவார்கள். சுமார் 2 மாதத்தில் பால்குடி மறக்கடித்து, இருவேளையும் கறப்பார்கள். அன்று முதல் ஒருவேளை தவறினாலும் மடி கல்லாய் இறுகும். மடிநோய்க்கு வழி அதுதான். கறந்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்குங்கள்.

பாலில் கொழுப்பு 6 - 7 சதவீதம். உப்பிட்டு உலர்த்திய தயிர்க்கட்டியான ஜமீதுக்கு அருமையான பால்!

வால், வறட்சிக்கான சேமிப்பு. அவாசிக் கிடா அதைத் தானே விலக்கி ஏறும். மெல்லிய வால் இனக் கிடாவுக்கு அது தெரியாது. கலப்பு செய்தால் ஆள் நின்று வாலை ஒதுக்கிப் பிடிக்க வேண்டும், அல்லது செயற்கைக் கருவூட்டல்தான்.