28 வாரத்தில் பிறந்த குழந்தையைச் சளிக் காய்ச்சலிலிருந்து காப்பது எப்படி? வந்துவிட்டால் என்ன செய்வது?

உங்கள் குழந்தை 28 வாரத்தில் பிறந்தது, இப்போது 3 மாதம், அண்ணன் பள்ளிக்குப் போகிறான் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அஞ்ச வேண்டியது ஆர்.எஸ்.வி. என்ற சுவாசத் தொற்று வைரஸுக்குத்தான். பெரும்பாலான பெரியவர்களுக்கு அது வெறும் மூக்கொழுகல். இந்தக் குழந்தைக்கோ நுண்ணிய மூச்சுக்குழல்கள் வீங்கி, சளியும் உதிர்ந்த செல்களும் அடைத்துக்கொள்ளும். தாயின் ஆன்டிபாடிகள் (நோயை எதிர்க்கும் புரதங்கள்) பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில்தான் கருவுக்குப் போய்ச் சேரும். உங்கள் குழந்தைக்கு அந்தப் பங்கு கிடைக்கவில்லை.

அதை ஈடுகட்டத்தான் நிர்செவிமேப் ஊசி. அது ஆன்டிபாடியையே நேராகக் கொடுக்கிறது. குழந்தை சந்திக்கும் முதல் ஆர்.எஸ்.வி. பருவத்தில் (அந்த வைரஸ் அதிகம் பரவும் மாதங்களில்) எடை 5 கிலோவுக்குக் குறைவென்றால் 50 மி.கி., இல்லையென்றால் 100 மி.கி. தொடையில் ஒரே ஊசி, குறைந்தது 5 மாதம் காக்கும். அது கிடைக்காவிட்டால், இன்னும் கிடைக்கும் இடங்களில் மட்டும், பழைய ஆன்டிபாடி ஊசியான பாலிவிசுமேப்: கிலோவுக்கு 15 மி.கி., மாதம் ஒன்று, பருவத்துக்கு 5 வரை. ஒரு மாதம் தள்ளிப்போனாலும் பாதுகாப்பு இறங்கிவிடும். போன மாத எடையை வைத்து அளவு போடக் கூடாது. இரண்டுமே ஆர்.எஸ்.வி.யை மட்டும்தான் தடுக்கும். ஃப்ளூ தடுப்பூசி 6 மாதத்துக்குப் பிறகுதான் என்பதால், அதுவரை வீட்டிலுள்ள மற்றவர்கள் போட்டுக்கொள்ள வேண்டும். அண்ணன் வந்ததும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவட்டும். சளி இருந்தால் குழந்தையின் அருகே வர வேண்டாம். வீட்டில் யாரும் புகைக்கவே கூடாது.

நோய் வந்துவிட்டால், ஆர்.எஸ்.வி.யைக் கொல்லும் மருந்து நடைமுறையில் இல்லை. இந்த வயதில் மூச்சு பெரும்பாலும் மூக்கு வழியேதான்; மூக்கடைத்தால் பால் உறிஞ்ச முடியாது. எனவே பால் கொடுக்கும் முன் ஒவ்வொரு துளையிலும் 2 சொட்டு சலைன் (மூக்குக்கான உப்புநீர்) விட்டு, மெதுவாக உறிஞ்சி எடுங்கள். ஓயாமல் உறிஞ்சினால் உள்தோல் இன்னும் வீங்கும். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். அடைப்பது வீக்கமும் சளியும்; தசை இறுக்கம் அல்ல. அதனால்தான் தசையைத் தளர்த்தும் சால்பியூட்டமால் நெபுலைசர் பொதுவாகப் பயன் தருவதில்லை. ஆன்டிபயாட்டிக்கும் வைரஸை ஒன்றும் செய்யாது. இருமல் மருந்து வேண்டவே வேண்டாம். ஃப்ளூ என்று தெரிந்தால் மட்டும் ஓசெல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து உண்டு. முடிந்தவரை முதல் 48 மணி நேரத்துக்குள் மருத்துவர் தொடங்குவது நல்லது.

இரண்டாம் நாள் லேசாக இருக்கிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். 3 முதல் 5 நாளில்தான் முற்றும். தூங்கும்போது முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 50 அல்லது அதற்கு மேல் போனாலோ, விலா உள்வாங்கினாலோ, முனகினாலோ, வழக்கத்தில் பாதிப் பால்கூடக் குடிக்காவிட்டாலோ, 38 டிகிரி காய்ச்சல் அடித்தாலோ அன்றே மருத்துவமனை. உதடு நீலமானால் உடனே அவசர ஊர்தி. குறைமாதக் குழந்தைக்கு, இருமலே இல்லாமல் இடையிடையே மூச்சு நின்றுபோவதே முதல் அறிகுறியாக இருக்கலாம். அதற்கும் அதே அவசரம்தான்.