ஆஸ்திரியா-ஹங்கேரி ஆட்சி அமைப்பு வரைபடத்தில் பிரதமர் எங்கே?

ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசின் ஆட்சி அமைப்பைக் காட்ட நீங்கள் வரைந்த வரைபடம் இடறுவதற்குக் காரணம், பேரரசருக்குக் கீழே ஒரே பிரதமரையும் ஒரே நாடாளுமன்றத்தையும் போட்டிருப்பதுதான். பேரரசை ஒரே மன்னரின் கீழ் ஆஸ்திரியா, ஹங்கேரி என இரு அரசுகளாக்கிய 1867 உடன்படிக்கைக்குப் பிறகு அப்படி ஒரு பதவியே இல்லை. ஆஸ்திரியாவுக்கு வியன்னாவில் ஒரு பிரதமர், ஹங்கேரிக்கு புடாபெஸ்டில் ஒரு பிரதமர். இருவருக்கும் தனித்தனி நாடாளுமன்றம். அந்தப் பெட்டியை அழித்துவிட்டு இரண்டு தூண்களாக வரையுங்கள்.

நடுவில் வெளியுறவு, போர், பொது நிதி என மூன்றே பொது அமைச்சகங்கள். பொது அமைச்சரவைக்குத் தலைமை வகித்தவர் வெளியுறவு அமைச்சர். முதல் உலகப் போருக்குச் சற்று முன், 1914 ஜூலை 7 அன்று நடந்த அதன் கூட்டத்தில் வெளியுறவு அமைச்சர் பெர்ஹ்டோல்டு தலைமையில் இரு பிரதமர்களும் உட்கார்ந்தது இதனால்தான்.

இந்தப் பொது அமைச்சகங்களின் செலவுக்கு ஒப்புதல் தர, ஒவ்வொரு நாடாளுமன்றமும் 60 பேர் கொண்ட குழுவை அனுப்பியது. இரு குழுக்களும் ஒன்றாக உட்கார்ந்து விவாதிக்கவில்லை, எழுத்தில்தான் பேசிக்கொண்டன! சுங்க வருவாய் போக மீதிச் செலவில் தொடக்கத்தில் ஆஸ்திரியா 70, ஹங்கேரி 30 விழுக்காடு. பத்தாண்டுக்கு ஒருமுறை இந்தப் பங்கைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. சச்சரவெல்லாம் அங்கேதான் வெடித்தது, அதற்குத் தனி அம்புக்குறி போடுங்கள்.

பொஸ்னியாவை எந்தத் தூணிலும் சேர்க்காதீர்கள். 1908இல் பேரரசு அதைத் தன்னோடு இணைத்துக்கொண்ட பிறகும் அதை நிர்வகித்தது பொது நிதி அமைச்சகம்.