சிங்க்கில் கிடக்கும் சாம்பார்ச் சட்டி யாருடைய வேலை?

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம், இருவரும் வேலைக்குப் போகிறோம். 5 வயதிலும் 2 வயதிலும் பிள்ளைகள். ஏஜென்சி மூலம் கொலம்பியாவிலிருந்து ஓ பேர் (குடும்பத்தோடு தங்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வெளிநாட்டு இளம்பெண்) ஒருத்தி வந்து எங்களோடு தங்கியிருக்கிறாள். திருச்சியிலிருந்து வந்திருக்கும் என் மாமியார், "சும்மாதானே இருக்கா, பாத்திரம் தேய்ச்சா என்ன, வீட்டைக் கூட்டினா என்ன" என்று அவளிடமே வேலை சொல்கிறார். இரண்டு நாள் செய்தாள், இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தனியாகக் காசு கொடுத்துச் செய்யச் சொல்லலாமா?

பதில்: கூடாது தோழி, காசு கொடுத்தும் கூடாது. அவள் ஜே-1 என்கிற கலாசாரப் பரிமாற்ற விசாவில் வந்தவள், அந்தத் திட்டத்தில் அவளுக்கு உள்ள வேலை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது மட்டும்தான். அதுவும் ஒரு நாளைக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, கூடுதல் பணம் கொடுத்து அதை நீட்டவும் முடியாது. வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை, மாதத்தில் ஒரு சனி ஞாயிறு முழுசாக அவளுக்கு. இதெல்லாம் ஏஜென்சி கொடுத்த ஒப்பந்தத்திலேயே இருக்கும், இன்று ராத்திரி எடுத்து இன்னொரு தடவை படியுங்கள்.

எது பிள்ளைகள் வேலை, எது வீட்டு வேலை என்பதில்தான் எல்லா வீட்டிலும் சிக்கல் வருகிறது. பெரியவனுக்கு டிபன் பாக்ஸ் கட்டுவதும், அவன் திரும்பி வந்ததும் அதைக் கழுவி வைப்பதும் அவள் வேலை. பக்கத்திலேயே காய்ந்து கிடக்கும் உங்கள் கணவரின் காபி டம்ளர் அவள் வேலை இல்லை, ராத்திரி ஊறப்போட்ட சாம்பார்ச் சட்டியும் இல்லை. துணியிலும் அப்படித்தான், பிள்ளைகள் துணிக்குத் தனிக் கூடை வையுங்கள், ஒரே கூடையில் எல்லாவற்றையும் போட்டால் உங்கள் புடவையையும் அவள்தான் மடிக்க வேண்டியிருக்கும், வேண்டாம் என்று சொல்லவும் கூச்சப்படுவாள். பிள்ளைகள் இறைத்த பொம்மை, அவர்கள் அறை, அவர்கள் சாப்பிட்ட மேஜை, இவ்வளவும் கேட்கலாம், தயங்காமல் கேளுங்கள். அவள் அறையும் அவள் சாப்பிட்ட தட்டும் அவள் பொறுப்பு, அது வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் உள்ளதுதான்.

இதை வாயால் சொன்னால் நிற்காது. எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, அதற்குள் என்னென்ன என்று ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள், அவளையும் உட்கார வைத்து எழுதுங்கள். சின்னது மத்தியானம் தூங்கும்போது அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் அது வேலை நேரம்தான், உங்கள் மாமியாருக்குச் 'சும்மா' என்று தெரிவது அநேகமாக அந்த நேரமாகத்தான் இருக்கும்.

அப்புறம், அத்தையிடம் பேச வேண்டியது நீங்கள் இல்லை, உங்கள் கணவர். மருமகள் சொன்னால் அது வேறு சண்டையாகிவிடும். "அம்மா, அவ வீட்டு வேலைக்கு வந்தவ இல்ல, ஏதாவது வேணும்னா என்கிட்ட சொல்லு" என்று அவர் சொல்லட்டும், சொல்லிவிட்டு அந்தச் சட்டியை அவரே தேய்க்கட்டும். கையிலிருக்கும் காசில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டைச் சுத்தம் செய்ய வெளியாள் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண்ணிடம் நீங்களே போய் மன்னிப்புக் கேளுங்கள், சுற்றி வளைக்காமல். அதற்குப் பிறகும் அவள் இறுக்கமாகவே இருந்தால் உங்கள் பகுதி ஏஜென்சி ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டு மூன்று பேருமாக உட்கார்ந்து பேசுங்கள், அவர் இருப்பதே அதற்குத்தான்.