தேவையின்றி ஏற்றப்படும் ரத்தம்

கேள்வி: ஹீமோகுளோபின் 8.5 கிராமாக உள்ள என் தாயாருக்கு ரத்தம் ஏற்ற மருத்துவர் மறுத்துவிட்டார். இது சரியா?

பதில்: பெரும்பாலும் சரியே. ரத்தக்கசிவோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இன்றி நிலையாக இருக்கும் பெரியவர்களுக்கு, டெசிலிட்டருக்கு 7 கிராமுக்குக் கீழே, இதயநோயாளிகளாயின் 8 கிராமுக்குக் கீழே இறங்கினால்தான் ரத்தம் ஏற்றுவது பற்றிப் பொதுவாக யோசிக்கிறார்கள்; 1999-இல் வெளியான கனடா ஆய்வொன்று, தீவிர சிகிச்சையில் இருப்பவர்களிடம்கூட இந்தக் கட்டுப்பாட்டால் உயிரிழப்பு கூடவில்லை என்று காட்டியது. ஒரு யூனிட் ஏற்றி, மீண்டும் பரிசோதித்த பிறகே அடுத்ததை முடிவு செய்ய வேண்டும். எடுத்த எடுப்பிலேயே இரண்டு யூனிட் எழுதும் பழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. அதைவிட வருந்தத்தக்கது, உறைதல் காரணிகள் (ரத்தத்தை உறையவைக்கும் புரதங்கள்) குறைந்து ரத்தம் கசிபவர்களுக்கான பிளாஸ்மாவை (அணுக்கள் நீக்கப்பட்ட ரத்தத்தின் திரவப் பகுதியை) வெறும் தெம்புக்காக ஏற்றுவது. ஒவ்வாமை, நுரையீரலில் நீர் கோத்தல் ஆகியவை இதிலும் நேரலாம். தாயாருக்கு இரும்புச்சத்துக் குறைவு உள்ளதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதற்கு மாத்திரையும் ஊசியும் உண்டு.