கோடை லீவுக்கு வரும் பிள்ளைகளோடு வீட்டிலேயே செய்ய எளிதான தின்பண்டம், பானம், கைவேலை என்னென்ன?

எட்டிலிருந்து பதின்மூன்று வயதுக்குள் நாலு பிள்ளைகள் மே மாதம் முழுக்க வீட்டில் இருக்கப் போகிறார்கள், அதிகச் செலவில்லாமல் அவர்களோடு சேர்ந்து செய்ய ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் வருடா வருடம் இதே நிலைதான். நாங்கள் இருப்பது காங்கயத்துக்குப் பக்கம், தோட்டத்து வீடு. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் என் அக்கா பிள்ளைகளும் நாத்தனார் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். என் இரண்டையும் சேர்த்தால் ஆறு பேர்.

முதலில் ஒன்று. எந்த வேலையாக இருந்தாலும் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பிள்ளைகளிடமே விடுங்கள். முதல் வருடம் நான் எள்ளை வறுத்து, வெல்லப் பாகும் காய்ச்சி வைத்துவிட்டு, உருண்டை பிடிக்க மட்டும் அவர்களைக் கூப்பிட்டேன். பாகு ஆறுவதற்குள் பிடித்தாக வேண்டும், ஆறினால் இறுகிவிடும். அக்கா பையன் சூட்டோடு கை வைத்து விரலில் கொப்புளம் வந்துவிட்டது. மற்றவர்கள் அப்படியே கலைந்து செல்போனுக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்கு அதில் சொந்த வேலை என்று எதுவும் இல்லை, சூடு மட்டும்தான் மிச்சம். அடுத்த வருடம் பாகே இல்லாத எள்ளுருண்டைக்கு மாறினோம். எங்கள் அம்முச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, உரலில் இடித்துச் செய்வது.

இதற்கு எள் கால் கிலோ, கருப்பட்டி 150 கிராம், ஏலக்காய் மூன்று, ஒரு சிட்டிகை உப்பு போதும். கருப்பு எள், வெள்ளை எள் எதுவும் ஆகும், எங்களுக்குக் கருப்புதான் பிடிக்கும். எள்ளில் பொடி மணல் இருக்கும், அதை அரித்தெடுப்பதுதான் முதல் வேலை. அகலமான பாத்திரத்தில் எள்ளைப் போட்டுத் தண்ணீர் விட்டு, சுழற்றிச் சுழற்றி மேலே வரும் எள்ளை வேறு பாத்திரத்துக்குச் சாய்த்துக்கொண்டே இருந்தால் மணல் அடியில் தங்கிவிடும். எட்டு வயதுப் பிள்ளை கூட இரண்டாவது தடவையில் பழகிக்கொள்ளும். அவசரப்பட்டால் உருண்டை பல்லில் நறநறக்கும். யார் அரித்தது என்பது அப்போதே தெரிந்துவிடும், அதனால் அரிக்கிற பிள்ளைக்குத் தானாகவே பொறுப்பு வந்துவிடுகிறது.

துணியில் பரப்பி ஒரு வெயில் காய வைத்து, அடி கனமான வடைச்சட்டியில் சிறு தீயில் வறுக்க வேண்டும். படபடவென்று பொரியும் சத்தம் கேட்டு, அது அடங்கத் தொடங்கும்போது இரண்டு எள்ளை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். மாவாக நொறுங்கினால் பதம். அதற்கு மேல் ஒரு நிமிடம் விட்டாலும் கசந்துவிடும். கருப்பு எள்ளில் நிறம் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, காதும் விரலும்தான் கணக்கு. அடுப்புக்குப் பக்கத்தில் பெரியவர் ஒருவர் நின்றால் போதும், கரண்டி பிள்ளைகள் கையில் இருக்கட்டும்.

நன்றாக ஆறிய பிறகு உரலில் போட்டு இடிக்க வேண்டும். எள்ளு பாதி நுணுங்கியதும் தட்டிய கருப்பட்டியையும் ஏலக்காயையும் சேர்த்து மறுபடி இடித்தால், கொஞ்ச நேரத்தில் பொடி மினுமினுத்து உலக்கையில் ஒட்ட ஆரம்பிக்கும். எள்ளின் எடையில் ஏறத்தாழ பாதி எண்ணெய்தான். அந்த எண்ணெய் கசிந்துதான் உருண்டை பிடிக்க வருகிறது, நெய்யும் வேண்டாம், பாகும் வேண்டாம். செக்கில் நல்லெண்ணெய் ஆட்டும்போது கருப்பட்டி போடுவார்களே, அதே சங்கதிதான் இங்கே சின்ன அளவில் நடக்கிறது. செக்கடியில் நின்று சூடான எள்ளுப் புண்ணாக்கைக் கேட்டு வாங்கித் தின்றவர்களுக்கு இந்த ருசி நினைவுக்கு வரும். உரல் இல்லாவிட்டால் மிக்ஸியில் விட்டு விட்டுச் சுற்றுங்கள். தொடர்ந்து ஓட்டினால் சூடேறி எண்ணெய் பிரிந்து கூழாகிவிடும். நெல்லிக்காய் அளவு பிடித்தால் இருபது உருண்டை வரும். பத்து நாள் கெடாது, எங்கள் வீட்டில் இரண்டு நாள் தாண்டியதில்லை.

கருப்பட்டி கிடைக்காவிட்டால் நாட்டுச்சர்க்கரை போடலாம். எங்கள் பக்கம் பெரியவர்கள் சர்க்கரை என்றாலே நாட்டுச்சர்க்கரைதான், வெள்ளையை அஸ்கா என்பார்கள். ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடியில் நாட்டுச்சர்க்கரைக்கென்றே ஏலம் நடக்கிறது. பழனி பஞ்சாமிர்தத்துக்கும் அங்கிருந்து வாங்குகிறார்கள். அந்தப் பஞ்சாமிர்தம் 2019இல் புவிசார் குறியீடு வாங்கியது. வெல்லமோ சர்க்கரையோ வாங்கும்போது பளீரென்ற மஞ்சளைத் தேடாதீர்கள். நிறத்துக்காக ரசாயனம் போட்டு வெளுக்க வைப்பது உண்டு. கொஞ்சம் மங்கலான பழுப்பு நிறத்தில் இருப்பதை எடுங்கள்.

குடிக்க என்றால் பானகத்திலிருந்து தொடங்கலாம், அதற்கு அடுப்பே வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு நாட்டுச்சர்க்கரை 150 கிராம், இரண்டு எலுமிச்சம்பழம், அரை ஸ்பூன் சுக்குத்தூள், தட்டிய ஏலக்காய் மூன்று, ஒரு சிட்டிகை உப்பு. கரைத்து வடிகட்டினால் ஆயிற்று. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு வழியெல்லாம் இதையும் மோரையும் ஊற்றுவார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். கரைத்ததும் குடிக்காமல் அரை மணி நேரம் விட்டுவிடுங்கள், சுக்கின் காரம் அப்போதுதான் இறங்கும்.

ஆனால் பிள்ளைகளுக்குப் பிடித்தது மோர்தான், காரணம் வெண்ணெய். பால் காய்ச்சி ஆறியதும் மேலே படியும் ஆடையை ஐந்தாறு நாள் எடுத்து, ஒரு ஸ்பூன் தயிர் விட்டு ஃப்ரிட்ஜில் சேர்த்து வையுங்கள். ஒரு டம்ளர் அளவு சேர்ந்ததும், வாய் அகலமான மூடி போட்ட பாட்டிலில் பாதிக்கு மேல் போகாமல் போட்டு, மாற்றி மாற்றிக் குலுக்கச் சொல்லுங்கள். முதலில் கெட்டியாகிக் குலுக்கவே கனமாக இருக்கும். பிள்ளைகள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் கை விடப் பார்ப்பார்கள், இன்னும் கொஞ்சம் என்று சொல்லுங்கள். திடீரென்று உள்ளே தொபுக்கென்று ஒரு சத்தம் மாறும். வெண்ணெய் ஒரு பக்கம், மோர் ஒரு பக்கம் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். குலுக்கக் குலுக்க, பாலில் இருக்கும் பொடிப்பொடிக் கொழுப்புத் துளிகள் ஒன்றோடொன்று மோதி ஒட்டிக்கொள்வதால் இது நடக்கிறது. கோடையில் சூட்டுக்குக் கொழுப்பு இளகிவிட்டால் ஒட்டாமல் வழவழவென்று நிற்கும். அப்போது கொஞ்சம் ஐஸ் தண்ணீர் விட்டால் திரண்டுவிடும். ஊத்துக்குளி எங்களுக்குப் பக்கம்தான், அங்கே வெண்ணெய்க்குப் பெரிய பேர். அங்கே வாங்கினாலும் சரி, தன் கையால் குலுக்கி எடுத்த ஒரு எலுமிச்சை அளவு வெண்ணெயைப் பிள்ளைகள் பார்க்கிற பார்வையே வேறு.

பிரிந்த மோரில் தண்ணீர் சேர்த்து, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, சின்ன வெங்காயம் இரண்டு தட்டிப் போட்டு, உப்பும் பெருங்காயமும் கலந்தால் மத்தியானத்துக்கு ஆச்சு. பொழுதோட, அதாவது சாயங்காலம், சுக்குக் காபி வேண்டுமென்றால் மல்லி 100 கிராம், சுக்கு 50 கிராம், மிளகு ஒரு ஸ்பூன், கொஞ்சம் ஏலக்காய் எல்லாம் லேசாக வறுத்துப் பொடித்து பாட்டிலில் வைத்துக்கொள்ளலாம். கருப்பட்டித் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தால் போதும். பேர்தான் காபி, காபித்தூள் கிடையாது.

தண்ணீருக்கு ஒரு மண்பானை வாங்கி, அதை வைப்பதையும் பிள்ளைகளிடமே விடுங்கள். புதுப் பானையை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப் போட்டு, சோப்பு படாமல் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். தாம்பாளத்திலோ பழைய பேசினிலோ ஆற்று மணல் கொட்டி நனைத்து அதன்மேல் பானை. மணலில் கொஞ்சம் வெந்தயம் தூவிவிட்டால் கசியும் ஈரத்திலேயே மூன்று நாலு நாளில் முளைத்துப் பானையைச் சுற்றிப் பச்சை பிடிக்கும்.

பானையின் நுண்ணிய துளைகள் வழியாகக் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் நீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று எவ்வளவு வறண்டு இருக்கிறதோ அவ்வளவுக்குக் குளிரும். கொங்கு நாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் வருகிறது, அதனால் இங்கே பானைத் தண்ணீர் நன்றாகவே சில்லென்று ஆகும். சென்னையிலிருந்து வந்த நாத்தனார் பெண், தங்கள் வீட்டுப் பானை இவ்வளவு குளிர்வதில்லை என்றாள். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், ஆவியாவது குறைவு. அவளே ஒரு சொம்பு தண்ணீரை மூடிய அறையில் ஒரு சிறு பானையிலும், இன்னொரு சொம்பைத் திண்ணையில் காற்றுப்படும் இடத்தில் அதே மாதிரிப் பானையிலும் வைத்து, சாயங்காலம் தொட்டுப் பார்த்தாள். அதற்கு மேல் நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நோம்பிக்கு, அதாவது பண்டிகைக்கு, எண்ணெயில் சுட்டெடுக்கும் இனிப்பான கச்சாயம் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடுப்பு வேலை பெரியவர்களுடையது, மற்றதெல்லாம் பிள்ளைகள் செய்யலாம். பச்சரிசி கால் கிலோவை மூன்று மணி நேரம் ஊற வைத்து நன்றாக வடித்துவிட்டு, 200 கிராம் வெல்லம், ஏலக்காயோடு தண்ணீர் விடாமல் அரையுங்கள். வெல்லமே இளக்கிக் கொடுக்கும். இட்லி மாவை விடக் கெட்டியாக இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் வைத்து, மிதமான எண்ணெயில் ஒரு கரண்டி ஊற்றினால் உப்பி மேலே வரும், திருப்பிப் போட்டு எடுங்கள். ஊற்றியது எண்ணெயில் பிரிந்து போனால் வெல்லம் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம், ஒரு கைப்பிடி அரிசி மாவு சேர்த்தால் சரியாகும்.

அப்புறம் கைவேலை. நான் முதலில் சொல்வது பனியன் துணி மிதியடிதான், வாசலில் கால் துடைக்கப் போடுவோமே அது. திருப்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு கட்டிங் வேஸ்ட், அதாவது பனியன் கம்பெனியில் வெட்டியது போக மிஞ்சும் துண்டுத் துணி, கிலோ கணக்கில் கிடைக்கும். கிடைக்காதவர்களுக்கு வீட்டில் கிடக்கும் பழைய டீ-ஷர்ட் மூன்று போதும். நெய்த துணி இதற்கு ஆகாது, ஓரம் நூல் நூலாகப் பிரியும். பனியன் துணி வளையம் வளையமாகப் பின்னியது. குறுக்கே நறுக்கி இரண்டு முனையையும் பிடித்து இழுத்தால், ஓரம் தானாகவே உள்ளே சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும்.

அக்குளுக்குக் கீழே குறுக்கே வெட்டிவிட்டால் ஒரு குழாய் மாதிரித் துணி கிடைக்கும். அதை வளையம் வளையமாக வெட்டாதீர்கள். கீழ் ஓரத்திலிருந்து ஆரம்பித்து, ஆப்பிள் தோல் சீவுவது போல ஒரு அங்குல அகலத்தில் சுற்றிச் சுற்றி வெட்டிக்கொண்டே போனால் முடிச்சே இல்லாத ஒரே நீளக் கயிறு வரும். சுற்றளவு ஒரு மீட்டரும் உயரம் 45 சென்டிமீட்டரும் இருக்கிற டீ-ஷர்ட்டில் பதினெட்டு சுற்று, அதாவது சுமார் 18 மீட்டர். இந்தக் கணக்கை வெட்டுவதற்கு முன்பே பெரிய பிள்ளையைப் போடச் சொல்லுங்கள், வெட்டிய பிறகு அளந்து பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போன அன்று, அந்தப் பையன் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு கட்டில், கதவு, மாட்டுத் தொட்டி என்று கண்டதையெல்லாம் அளந்துகொண்டு திரிந்தான்.

மூன்று கயிற்றைச் சேர்த்துச் சடை பின்ன வேண்டும். முனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டால் நின்றுகொண்டே பின்னலாம். சடை பின்னத் தெரிந்த பெண் பிள்ளை தெரியாத பையனுக்குச் சொல்லித் தரட்டும், அரை மணி நேரத்தில் வந்துவிடும். மூன்று நிறம் எடுத்தால் தப்பு எங்கே என்று கண்ணுக்கே தெரியும். எட்டு மீட்டர் சடை இருந்தால் முழங்கை நீளம் குறுக்களவுள்ள வட்ட மிதியடி வரும்.

தைப்பதில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். சடையைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே தைத்தால், இழுப்பு கூடி நடுவில் கிண்ணம் போலக் குழிந்துவிடும். எங்களுடைய முதல் இரண்டும் அப்படித்தான் ஆயின, பிரித்துத்தான் மறுபடி தைத்தோம். பலகை மேலோ தரையிலோ தட்டையாக வைத்து, இழுக்காமல் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்துத்தான் தைக்க வேண்டும். கோணி ஊசியும் கெட்டி நூலும் வேண்டும். முடியும் இடத்தில் சடை முனையைக் கொஞ்சம் மெலிதாக நறுக்கி, அடிப்பக்கம் மடக்கித் தைத்துவிடுங்கள், மேலே விட்டால் காலில் தட்டும்.