பல் பல்லாக வரும் கோடு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, மெக்கானிக்கல் கடைசி வருஷம் படிக்கிறேன். நடுவில் தடுப்பு வைத்த குழாய், இடப்பக்கம் அழுத்தம் அதிகம், வலப்பக்கம் குறைவு. தடுப்பை எடுத்ததும் கிளம்பும் அதிர்ச்சி அலையை (அழுத்தம் சட்டென்று எகிறும் அலை)க் கணினியில் போட்டுப் பார்ப்பதுதான் ப்ராஜெக்ட். குழாயைச் சின்னச் சின்னத் துண்டுகளாக (செல்களாக)ப் பிரித்துக் கணக்கிடும் லாக்ஸ்–வென்ட்ராஃப் முறையில் எழுதினேன், அலைக்குப் பின்னால் வரைபடக் கோடு ரம்பப் பல் மாதிரி ஆடுகிறது. 100 செல்லை 400 ஆக்கினால் பல் மெலிகிறது, உயரம் குறையவில்லை. அழுத்த வித்தியாசத்தைக் கூட்டினால் அழுத்தம் மைனஸில் போய் ப்ரோகிராமே நின்றுவிடுகிறது. கைடு செயற்கைப் பாகுத்தன்மை, அதாவது வாயுவுக்குள் இல்லாத கூடுதல் உராய்வு, சேர்க்கச் சொல்கிறார். இல்லாததைச் சேர்ப்பது பொய்க் கணக்கு ஆகாதா? (மாணவி, பெருந்துறை)

பதில்: ஆகாது கண்ணு, கைடு சொல்வது சரி. காற்றில் நிஜமான அதிர்ச்சி அலையின் தடிமன் ஒரு மைக்ரானை ஒட்டித்தான் இருக்கும். ஒரு மீட்டர் குழாயை நூறாகப் பிரித்தால் உன் செல் ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர். அந்த மெல்லிய இடத்துக்குள் பாகுத்தன்மைதான் ஓட்டத்தின் வேகத்தை வெப்பமாக மாற்றுகிறது, அது உன் கட்டத்தில் அகப்படவே அகப்படாது. அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லாததால்தான் மிச்ச ஆற்றல் ரம்பப் பல்லாக ஆடிக்கொண்டிருக்கிறது. ஃபான் நாய்மன், ரிச்ட்மையர் என்ற இரண்டு அறிவியலாளர்கள் 1950-இல் செய்தது இதைத்தான்: வாயு நெருக்குப்படும் இடத்தில், பக்கத்துப் பக்கத்து வேக வித்தியாசத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஒரு கூடுதல் அழுத்தம். அலை சில செல்களுக்கு விரிகிறது, ஆனால் முன்னும் பின்னும் உள்ள நிலைகளும் அலையின் வேகமும் மாறுவதில்லை, ஏனென்றால் அவற்றைத் தீர்மானிப்பது நிறை, உந்தம், ஆற்றல் மூன்றின் வரவு செலவு. ஈரோட்டு மண்டியில் ஒரு குடோனை விட்டுப் போன மஞ்சள் மூட்டை அடுத்த குடோன் நோட்டில் ஏறியாக வேண்டும் இல்லையா, அதே மாதிரி ஒரு செல்லை விட்டுப் போனது அப்படியே அடுத்த செல்லுக்குள் வந்தாக வேண்டும்.

உன் முறையில் தப்பு இல்லை, அது அப்படித்தான் நடக்கும். புதுப் பல் எதையும் முளைக்க விடாத நேரியல் முறை (எல்லா இடத்திலும் ஒரே சூத்திரம் போடுவது) முதல் படித் துல்லியத்தை (செல்லைப் பாதியாக்கினால் பிழையும் பாதிதான் ஆகும்) தாண்ட முடியாது என்று ரஷ்யக் கணிதவியலாளர் கொடுனோவ் 1959-இலேயே நிரூபித்துவிட்டார். தப்பிக்க ஒரே வழி, இடத்துக்கு ஏற்றபடி நடந்துகொள்ளும் முறை. நானாக இருந்தால் லிமிட்டர், அதாவது செல்லுக்குள் கோட்டின் சரிவுக்கு ஒரு கடிவாளம், போடுவேன். இடப்பக்கச் சரிவு, வலப்பக்கச் சரிவு இரண்டையும் பார். குறி வேறாக இருந்தால் சரிவு பூஜ்யம், ஒன்றாக இருந்தால் அளவில் சின்னதை எடு. மின்மாட் என்ற லிமிட்டர் இவ்வளவுதான், நாலு வரி ப்ரோகிராம். அதை அடர்த்தி, வேகம், அழுத்தம் மூன்றின் மேலும் போட்டால் செல் ஓரத்து மதிப்பு இரண்டு பக்கத்துக்கும் நடுவிலேயே நிற்கும், அங்கே அழுத்தம் மைனஸுக்குப் போக வழியில்லை.

அப்புறம் டைம் ஸ்டெப்பை (கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னேறும் நேர அளவு) பார். ஆரம்பத்தில் ஒருமுறை கணக்குப் போட்டு அதையே கடைசி வரை வைத்திருக்கிறாயா? இந்தக் கணக்கின் வழக்கமான அளவுகளில் (இடப்பக்கம் அடர்த்தி 1, அழுத்தம் 1, வலப்பக்கம் 0.125, 0.1) தொடக்கத்தில் அதிகபட்ச வேகம் ஒலி வேகமான 1.18 தான். அலை கிளம்பியதும் அதன் பின்னால் வாயு 0.93 வேகத்தில் ஓட, ஒலி வேகம் 1.26, கூட்டினால் 2.19. கூரான்ட் எண் என்பது ஒரு ஸ்டெப்பில் அலை எத்தனை செல் தாண்டுகிறது என்பது, உன் முறையில் அது 1-ஐத் தாண்டக் கூடாது; முதலில் 0.9 என்று வைத்தது உனக்குத் தெரியாமலே 1.6-ஐத் தாண்டிவிடும். ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் புதிதாகக் கணக்குப் போடு.

கேள்வி: பவானிசாகரில் திறந்த தண்ணீர் கீழ்பவானி வாய்க்காலில் நுரைத்துக்கொண்டு முன்னேறுவதும் இந்த வகை அலைதானுங்களா? (விவசாயி, கோபி)

பதில்: குறைந்த தண்ணீர் மேல் கூடுதல் தண்ணீர் ஏறி வரும்போது அதே சாதிதானுங்க. அடர்த்தி இருந்த இடத்தில் ஆழத்தை வையுங்கள், சமன்பாடு கிட்டத்தட்ட அதேதான். ஒரு மீட்டர் ஆழத்தில் சின்ன அலை நொடிக்கு சுமார் 3 மீட்டர் போகும், இங்கே ஒலி வேகத்தின் இடத்தில் நிற்பது அது. நகராமல் நிற்கும் அதிர்ச்சி அலையும் உண்டு: ஷட்டருக்கு அடியில் மெலிசாகச் சீறி வரும் தண்ணீர் கொஞ்ச தூரத்தில் சட்டென்று எழும்பி நுரைக்கிறதே, அது. வீட்டு சிங்கில் குழாயைத் திறந்தால் விழும் இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் தெரியும், அதுவும் அதே தாவல்தான்.

வாய்க்காலில் கணக்கைக் கெடுப்பது வேறு இரண்டு சமாச்சாரம். காய்ந்த தரையில் ஆழம் பூஜ்யம், ஓட்டத்தை ஆழத்தால் வகுத்து வேகம் எடுக்கிற ப்ரோகிராம் அங்கே செத்துப்போகும்; அதனால் மிகச் சின்ன ஆழத்துக்குக் கீழே வேகத்தைப் பூஜ்யமாக்கிவிடுவார்கள். இன்னொன்று தரைச் சரிவு. சரிவையும் அழுத்தத்தையும் தனித்தனியாகக் கணக்கிட்டால் மேடு பள்ளமான தரையில் சும்மா தேங்கி நிற்கும் தண்ணீர் கூட கணினியில் தானாக ஓட ஆரம்பிக்கும். நான் எந்த வாய்க்கால் ப்ரோகிராமிலும் முதலில் பார்ப்பது இதைத்தான், தேங்கிய தண்ணீர் அசையாமல் நிற்கிறதா என்று.

கேள்வி: இந்த மாதிரி அலைக் கணக்குக்கு ரெடிமேட் சாஃப்ட்வேரே போதாதா? (வாசகர், திருப்பூர்)

பதில்: தாராளமாகப் போதும், ஆனால் முதலில் மேலே சொன்ன குழாயை அதே அடர்த்தி, அழுத்த அளவுகளோடு அதில் ஓட்டுங்கள். நீளம் 1, தடுப்பு 0.5-இல், நேரம் 0.2. அதிர்ச்சி அலை 0.85-இல் இருக்க வேண்டும், இரண்டு வாயுக்களும் சந்திக்கும் இடம் 0.685-இல். அலை நாலைந்து செல்லுக்கு மங்கலாக இருந்தால் பரவாயில்லை. கட்டத்தை எவ்வளவு நெருக்கினாலும் வேறு இடத்திலேயே நின்றால், படம் எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் நம்பாதீர்கள். மொத்த ஆற்றலுக்குப் பதிலாக அழுத்தத்துக்கு நேரடியாகச் சமன்பாடு எழுதியிருக்கிறார்களா என்று தேடுங்கள், பெரும்பாலும் மூட்டை காணாமல் போவது அங்கேதான்.