பனிச்சறுக்குத் தடங்கள் மலை மண்ணைப் பாதிக்கின்றனவா?

பனியின் மேல்தானே சறுக்குகிறார்கள், அடியிலுள்ள மண்ணுக்கு என்ன ஆகிவிடும் என்று கேட்டிருந்தீர்கள். ஆல்ப்ஸ் மலைகளைப் பொறுத்தவரை, பெருஞ்சேதம் சறுக்குபவர்களால் அன்று, தடம் அமைக்கும்போதே நேர்ந்துவிடுகிறது என்பேன். புல்டோசரால் சரிவைச் சமன்செய்கையில், மட்கு, வேர்கள், விதைகள் செறிந்த மேல்மண் அகன்று, கற்கள் மிகுந்த அடிமண் வெளிப்படுகிறது. அது நீரை நன்கு உறிஞ்சாததால், கோடை மழையும் உருகும் பனிநீரும் எஞ்சிய நுண்மண்ணையும் அரித்துச் செல்கின்றன. மரங்கள் வளரக்கூடிய உயர எல்லைக்கு மேலே செடிகள் ஆண்டில் சில மாதங்களே வளர்வதால் மண் மிக மெதுவாகவே உருவாகிறது. எனவே விதை தூவப்பட்டும், பல பத்தாண்டுகளுக்குப் பின்னரும் பழைய பசுமை திரும்பாத தடங்கள் அங்கு உண்டு.

சமன்செய்யப்படாத தடங்களிலும் பாதிப்பு இல்லாமலில்லை. புதிதாகப் பெய்த பனி கன மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோகிராம்தான் இருக்கும். தன்னுள் அடைத்துள்ள காற்றால் அது கம்பளிபோல் மண்ணைக் காக்கிறது. இயந்திரங்கள் அழுத்திய பனியிலோ இந்த அடர்த்தி 400 கிலோகிராமைத் தாண்டிவிடுவதால், குளிர் எளிதில் ஊடுருவி மண் ஆழமாக உறைகிறது.

செயற்கைப் பனியின் கணக்கு சற்று விசித்திரமானது. அதன் தடிமன் மண்ணை உறையாமல் காக்கக்கூடும். ஆனால் அது தாமதமாக உருகி, குறுகிய வளர்பருவத்தை மேலும் குறைக்கிறது. அத்துடன், அதைத் தயாரிக்கப் பயன்படும் ஆறு, ஏரிகளின் நீரிலுள்ள தாதுக்களையும் மண்ணில் சேர்ப்பதால், வளம் குறைந்த மண்ணுக்குப் பழகிய மலைச்செடிகள் பின்தங்கி வேறு செடிகள் பெருகுகின்றன.